கட்டிய வண்டியில் கியர்பாக்ஸ் ஆயில் கசிவு: மூலத்தைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டும் இடமும், அது கியர்பாக்ஸை விட்டு வெளியேறும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. மேல்மூடியில் கசிந்த எண்ணெய் பக்கச்சுவர் வழியே இறங்கி, வண்டி ஓடும்போது அடிக்கும் காற்றில் பின்னோக்கித் தள்ளப்பட்டு, கடைசியில் எண்ணெயை வடிக்கும் திருகான டிரெயின் பிளக்கின் தலையிலிருந்து சொட்டும். பார்ப்பவர் பிளக்கை இன்னும் இறுக்குவார். அல்லது பின்பக்க ஆயில் சீலை, அதாவது சுழலும் ஷாஃப்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை, மாற்றுவார். ஒரு வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் ஈரம் தெரியும். சீலை மாற்றுவது எப்படி என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். எந்தச் சீலை, எதற்காக மாற்ற வேண்டும் என்று கண்டறிவதுதான் கடினமான பகுதி. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அதைப் பற்றியது.

இது நீளவாக்கில் பொருத்திய எஞ்சினும், அதன் பின்னால் கியர்பாக்ஸும், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்டும் உள்ள வண்டிகளுக்குப் பொருந்தும். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டச் சாலைகளில் ஓடும் பழைய ஜீப்புகளில், எஞ்சின் ஒரு வண்டியிலிருந்தும் கியர்பாக்ஸ் இன்னொரு வண்டியிலிருந்தும் வந்து, பாடியைப் பட்டறையில் கட்டியவை உண்டு. இங்கிலாந்தில் 1957-இல் வந்த லோட்டஸ் செவனின் வழியில் இன்றும் வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் கிட் கார்களும் இதே வகைதான். ஃபோர்டு சியராவில் இருந்த டைப் 9 கியர்பாக்ஸ் அவற்றில் பலவற்றில் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. கியர்பாக்ஸ் தனக்கென்று வடிவமைக்கப்படாத ஒரு உடலில், வேறொரு சாய்வில், வேறொரு எஞ்சினோடு இணைந்து நிற்கிறது. தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே ஓடும் வண்டியில் எழாத கேள்விகள் கட்டிய வண்டியில் எழுவது இதனால்தான்.

அடியில் நுழையும் முன்

சமதளத்தில், முடிந்தால் சிமென்ட் தரையில், வண்டியை நிறுத்துங்கள். ஜாக்கி மட்டும் தாங்கிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே படுக்க வேண்டும். மழைக்காலத்தில் செம்மண் தரையில் ஸ்டாண்டின் கால் சத்தமில்லாமல் புதையும் என்பதால் அதன் கீழ் தடித்த பலகை அவசியம். பெட்ரோலால் கழுவும் பழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. சைலன்சர் சூடாக இருக்கும் வண்டிக்கு அடியில் அது தீயை வரவழைப்பதாகும். வண்டி ஆறிய பிறகு மண்ணெண்ணெயோ டீசலோ போதும்.

முதலில், அது எந்த எண்ணெய்

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஈரம் கண்டால், அது கியர் ஆயில் என்று முடிவு செய்ய எந்த ஆதாரமும் இல்லை. எஞ்சினின் பின்பக்கச் சீல், டாப்பெட் கவரின் பின் மூலை, ஆயில் சம்ப் கேஸ்கட், ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியில் கிளட்ச் சிலிண்டர் ஆகிய எதிலிருந்து வந்தாலும் அங்கேதான் சேரும். ஒரு வெள்ளைத் தாளில் சில சொட்டுகளைப் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

பட்டறைகளில் 90 ஆயில் என்று சொல்லும் கியர் ஆயில் தடிப்பாக இருக்கும். அதில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்களால் ஒரு தனிக் காரவாடை வரும், ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது. டீசல் எஞ்சினின் எண்ணெய் மாற்றிய சில நாளிலேயே கரிக்கறுப்பாகிவிடும், விரலில் மை போல ஒட்டும். கிளட்ச் திரவம், அதாவது பிரேக் ஆயில், இவை இரண்டையும்விட மிக இளக்கமானது. சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டை விட்டுப் பாருங்கள்: வழக்கமான பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும், எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் மேலே மிதக்கும். பெயிண்ட் உரிந்து சுருங்கியிருந்தால் அதுவும் பிரேக் ஆயிலின் அடையாளமே.

வாடைச் சோதனை ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. சில ஐந்து கியர் பெட்டிகளுக்கு எஞ்சின் ஆயிலோ ஆட்டோமேடிக் வண்டிக்கான சிவப்பு ஆயிலோதான் ஊற்ற வேண்டும். போர்க்-வார்னர் டி5 பெட்டியின் பிந்தைய வகை இந்தச் சிவப்பு ஆயிலில் ஓடுகிறது. ஆகவே உங்கள் பெட்டி எந்த வண்டியிலிருந்து வந்தது, அதில் கடைசியாக என்ன ஊற்றப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் சொட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தெரியவில்லை என்றால் எண்ணெய் ஊற்றும் துளையை மூடும் பில்லர் பிளக்கைக் கழற்றி விரலை விட்டு உள்ளே இருப்பதைத் தொட்டு, அதையும் சொட்டையும் ஒரே தாளில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

மட்டமும் பிரீதரும்

சீல் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. இவை இரண்டும் சரியில்லாத வண்டியில் எத்தனை நல்ல சீல் போட்டாலும் நிற்காது.

எண்ணெய் மட்டம் முதலாவது. பெரும்பாலான பெட்டிகளில் பக்கவாட்டில் உள்ள பில்லர் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் நிற்பதே சரியான அளவு. ஆனால் அந்த அளவு, கியர்பாக்ஸ் தன் மூல வண்டியில் எந்தச் சாய்வில் இருந்ததோ அந்தச் சாய்வுக்கு வகுக்கப்பட்டது. கட்டிய வண்டியில் எஞ்சினை உயர்த்தியோ பின்பக்க மவுண்டைத் தாழ்த்தியோ பொருத்தியிருந்தால், துளை வரை நிரப்பிய எண்ணெய் பின்பக்கச் சீலை மூழ்கடித்து நிற்கலாம். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தையோ அலைபேசியில் இருக்கும் மட்டமானியையோ மேல்மூடி போன்ற ஒரு சமமான முகத்தின் மீது வைத்துச் சாய்வை அளந்துகொள்ளுங்கள். மூல வண்டியில் மூன்று நான்கு பாகைச் சாய்வு இருந்து, உங்களுடையதில் ஏழு எட்டு பாகை இருந்தால், துளையை நம்பாமல் பெட்டிக்குக் குறிப்பிட்ட கொள்ளளவை அளந்து ஊற்ற வேண்டும். கியர் லீவர் வாயிலாகக் கண்மதிப்பில் ஊற்றிய பெட்டிகளில் அளவுக்கு மீறிய எண்ணெய் இருப்பது சாதாரணம். பில்லர் பிளக்கைத் திறந்தவுடன் எண்ணெய் ஓடி வந்தால், அது நின்றபின் மூடி, வண்டியைக் கழுவிச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். பல கசிவுகள் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது பிரீதர், அதாவது பெட்டி மூச்சுவிடும் சிறு துவாரம். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கு அதிகம் புறக்கணிக்கப்படும் உறுப்பு இதுதான். காலையில் 30 டிகிரியில் இருந்த பெட்டிக்குள் உள்ள காற்று, மலை ஏறி இறங்கியபின் 90 டிகிரியை எட்டினால், வெளியேற வழியில்லாத நிலையில் அதன் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும்; டயர் அளவில் சொன்னால் கிட்டத்தட்ட 3 பி.எஸ்.ஐ. ஆயில் சீலின் மெல்லிய உதடு தெறிக்கும் எண்ணெயைத் துடைத்து உள்ளே அனுப்புவதற்கானது, காற்றழுத்தத்தைத் தாங்குவதற்கானது அன்று. எனவே அழுத்தம் ஏறியதும் எந்தச் சீல் தேய்ந்திருக்கிறதோ அதன் வழியே எண்ணெய் வெளியேறும். அந்தச் சீலை மாற்றினால் அடுத்த பலவீனமான இடம் கசியும்.

இந்த மாவட்டத்தில் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சூடான வண்டி தோட்டத்துக்குள் ஓடும் ஓடையில் இறங்கும்போது பெட்டி சட்டென்று குளிர்ந்து, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து உறிஞ்சும். பிரீதர் நீருக்குள் இருந்தாலோ, அடைத்திருந்து சீல்கள் நீருக்குள் இருந்தாலோ, உறிஞ்சப்படுவது தண்ணீர். தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்கி எண்ணெயை மேலே தூக்கும், பிறகு இரண்டும் கலந்து பால் விட்ட தேநீர் நிறத்தில் கசியும். தென்மேற்குப் பருவத்தில் ஜூன் முதலும், வடகிழக்குப் பருவத்தில் அக்டோபர் முதலும் ஓடைகளில் நீர் ஏறும். அந்த மாதங்களில் தொடங்கிய கசிவு என்றால் சீலைச் சந்தேகிப்பதற்கு முன் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள்.

பிரீதர் வேலை செய்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. அரை மணி நேரம் ஓட்டி வந்தவுடன், கையுறை போட்டுக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்து, பில்லர் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். ‘புஸ்’ என்று காற்று வெளியேறினால் பிரீதர் அடைபட்டிருக்கிறது. அது மேல்மூடியிலோ, கியர் லீவர் கோபுரத்திலோ, பின்பக்க நீட்சியிலோ இருக்கும். செம்மண்ணும் கிரீஸும் சேர்ந்து கல்லாகி அடைத்திருக்கும், அல்லது பாடி கட்டியபோது பெயிண்ட் அடித்து மூடியிருப்பார்கள். ஊசியால் சுரண்டி, காற்றடித்து, ஒரு சிறு நிப்பிளைப் பொருத்தி, எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயை டேஷ்போர்டின் உயரம் வரை கொண்டுபோய் அதன் வாயைக் கீழ்நோக்கி வளைத்து விட்டால் ஓடைத் தண்ணீரும் புழுதியும் எட்டாது.

கழுவி, காயவைத்து, பவுடர் தூவுதல்

மேற்சொன்ன இரண்டும் சரியாக இருந்தும் கசிகிறது என்றால் இனி இடத்தைத் தேட வேண்டும். அழுக்கின் மீது தேடுவது பயனற்றது. முதலில் மரச்சீவலால் தடித்த மண்ணைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்து, பின் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோனால் உயர் அழுத்த நீரைச் சீல்களின் மீதும் பிரீதரின் மீதும் நேராக அடிக்க விடாதீர்கள். அது உதட்டைத் தூக்கித் தண்ணீரையும் மணலையும் உள்ளே செலுத்தும். போல்ட் தலைகளின் குழிகளிலும், மேல்மூடியின் விளிம்பிலும், மவுண்டின் மேற்புறத்திலும் தங்கும் எண்ணெயைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். அங்கே தங்கியது பிறகு சூட்டில் இளகி இறங்கி, புதிய கசிவு போலத் தோற்றம் தரும்.

முழுவதும் காய்ந்தபின் முகப்பவுடரைக் காய்ந்த பிரஷ்ஷில் தொட்டு, பெட்டியின் இணைப்புகள், பிளக்குகள், சீல் வாய்கள் எல்லாவற்றின் மீதும் மெல்லிய படலமாகத் தூவுங்கள். வெள்ளைப் பரப்பில் எண்ணெய் தொட்ட இடம் உடனே கறுத்துத் தெரியும். அலுமினியப் பெட்டியில் தலைமுடி அளவு விரிசலைக்கூட இது காட்டிக்கொடுக்கும். ஈரச் சாலையில் பவுடர் அடித்துப் போய்விடும், ஆடி மாதத்து ஆரல்வாய்மொழிக் காற்றில் புழுதி படிந்து எல்லாம் ஒரே நிறமாகிவிடும். ஆகவே மழையில்லாத நாளின் அதிகாலையையும் தார்ச்சாலையையும் தேர்ந்துகொள்ளுங்கள்.

மூன்று நிலைச் சோதனை

கியர்பாக்ஸுக்குள் எந்த நேரத்தில் எது சுழல்கிறது என்பதை வைத்து, கசியும் இடத்தின் வட்டத்தைச் சுருக்கலாம். கழற்றாமல் செய்யக்கூடிய ஆராய்ச்சியில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

முதல் நிலை, நின்ற நிலை. குளிர்ந்த வண்டியைச் சமதளத்தில் இரவு முழுவதும் நிறுத்தி, அடியில் செய்தித்தாள்களை விரித்து, சக்கரங்களும் பெல் ஹவுசிங்கும் எந்த இடத்துக்கு நேராக இருக்கின்றன என்று பேனாவால் தாளில் குறித்துவையுங்கள். எதுவும் சுழலாத இந்நிலையில் கசிந்தால், வழி எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது: டிரெயின் பிளக், பெட்டியின் கீழ் இணைப்பு, பெட்டியின் கீழ்ப்பகுதியில் கியர்களைத் தாங்கும் கவுண்டர் ஷாஃப்டின் முனைத்துளை, அடிப்பகுதி விரிசல். மேல்மூடியையும் கியர் லீவர் கோபுரத்தையும் இப்போதைக்கு விலக்கிவிடலாம்.

இரண்டாம் நிலை, நியூட்ரலில் எஞ்சின் ஓடும் நிலை. கிளட்ச் பெடலை மிதிக்காமல் கால் மணி நேரம் ஓட விடுங்கள். இப்போது எஞ்சினின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டும் கவுண்டர் ஷாஃப்ட் கியர்களும் சுழல்கின்றன, பின்பக்க ஷாஃப்ட் அசையவில்லை. இந்நிலையில் பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் புதிதாக ஈரம் வந்தால் கியர்பாக்ஸின் முன்பக்கச் சீலையோ எஞ்சினின் பின்சீலையோ நோக்க வேண்டும். பின்பக்கச் சீல் இப்போது கசிந்தால், அது தேய்ந்தது என்பதைவிட மட்டம் மிகுந்தது அல்லது சாய்வு தவறியது என்றே கருதுங்கள்.

மூன்றாம் நிலை, ஓட்டம். இருபது நிமிடம் ஓட்டித் திரும்பியதும் டார்ச்சும் சிறு கண்ணாடியும் கொண்டு பாருங்கள். காற்று எண்ணெயைப் பின்னோக்கியும், புவியீர்ப்பு கீழ்நோக்கியும் கொண்டுபோகும். எனவே ஈரம் தெரியும் பரப்பில் மிக முன்னாலும் மிக மேலேயும் உள்ள புள்ளியே மூலம். இதை ஒரு விதியாகவே மனத்தில் கொள்ளலாம். தெரியவில்லை என்றால் ஓட்டத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்து மறுபடியும் கழுவித் தூவுங்கள். எண்ணெய் பரவும் முன் பார்ப்பதுதான் நோக்கம். சந்தேகம் தீரவில்லை என்றால் மேட்டுச் சாலையில் ஒருமுறை, இறக்கத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது உதவும்: ஏற்றத்தில் எண்ணெய் பின்பக்கம் சேரும், இறக்கத்தில் முன்பக்கம்.

பெல் ஹவுசிங்கிலிருந்து சொட்டினால்

இங்குதான் தீர்ப்பு தவறினால் செலவு அதிகம், ஏனென்றால் இரண்டு சீல்களும் கியர்பாக்ஸை இறக்கினால்தான் தெரியும். இறக்கும் முன் அடி மூடித்தகட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். எஞ்சினின் பின்னால் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் எஞ்சின் பக்க முகமும் எஞ்சினின் பின்சுவரும் நனைந்து, கிளட்ச் பக்கம் காய்ந்திருந்தால் குற்றம் எஞ்சின் சீலினுடையது. கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் நகரும் குழலும் அதன் கீழ்ப்பகுதியும் நனைந்து, ஃப்ளைவீலின் எஞ்சின் பக்க முகம் காய்ந்திருந்தால் குற்றம் கியர்பாக்ஸினுடையது. கசிவு நாள்பட்டிருந்தால் சுழலும் கிளட்ச் எல்லாவற்றின் மீதும் எண்ணெயைத் தெளித்திருக்கும். அப்போது வாடையும் நிறமுமே துணை.

கியர்பாக்ஸ்தான் என்று தெரிந்தாலும் சீல் மட்டுமே காரணம் என்று எண்ண வேண்டாம். முன் பேரிங் மூடியில் எண்ணெய் திரும்பி உள்ளே வடிவதற்கு அடிப்பக்கம் ஒரு துளையோ பள்ளமோ பல பெட்டிகளில் இருக்கும். பேக்கிங் தாளைத் தலைகீழாகப் போட்டாலோ, அளவுக்கு மீறி சிலிக்கான் பேஸ்ட் பூசினாலோ, அந்தத் துளை அடைபட்டு, சீலுக்குப் பின்னால் எண்ணெய் குளம்போல நின்று வெளியே தள்ளும். கவுண்டர் ஷாஃப்டின் முன்முனை பெல் ஹவுசிங்குக்குள் திறக்கும் பெட்டிகளில் அந்தத் துளையும் கசியும். பெட்டியின் உட்புறம் வரை ஊடுருவும் போல்ட்கள் இருந்தால் அவற்றின் மரைக்கும் சீலண்ட் வேண்டும்.

கட்டிய வண்டிக்கே உரிய காரணம் வேறொன்று: அடாப்டர் பிளேட். எஞ்சினுக்கும் வேறு வண்டியின் பெல் ஹவுசிங்குக்கும் இடையே லேத்தில் கடைந்து வைத்த தகடு, கிராங்க் ஷாஃப்டின் மையத்தோடு கியர்பாக்ஸின் மையத்தைச் சேர்க்கத் தவறினால், இன்புட் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைக்கப்படும். முன்பக்கச் சீலை மாற்றிய சில மாதங்களில் மறுபடியும் போய்விடுகிறது, ஃப்ளைவீல் நடுவில் உள்ள சிறு புஷ் ஒரு பக்கமாகவே தேய்கிறது, முன் பேரிங்கும் இரைகிறது என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை ஃப்ளைவீலில் பொருத்தி, பெல் ஹவுசிங்கின் நடுத்துளையின் உள்விளிம்பைத் தொடவைத்து, எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். முள் காட்டும் மொத்த அசைவு 0.13 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. நல்ல லேத் பட்டறையில் இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. பெட்டி இறங்கியிருக்கும்போது எஞ்சின் பின்சீல், இன்புட் சீல், நடு புஷ், ரிலீஸ் பேரிங் நான்கையும் சேர்த்து மாற்றிவிடுவதே அறிவுடைமை; சீலின் விலையைவிட இறக்கி ஏற்றும் கூலி பல மடங்கு.

பின்பக்கச் சீல்

பிராப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன், அதன் முனையில் கியர்பாக்ஸுக்குள் நுழையும் யோக்கைக் கையால் பிடித்து மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். தெளிவாக ஆட்டம் தெரிந்தால் உள்ளே புஷ்ஷோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது; ஆடும் ஷாஃப்டைப் புதிய சீல் தொடர்ந்து தழுவ முடியாது. யோக்கை வெளியே எடுத்து, சீல் உரசும் பளபளப்பான பட்டையின் மீது விரல் நகத்தைக் குறுக்கே நகர்த்துங்கள். நகம் தடுக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. அதற்கு மெல்லிய எஃகு உறை ஏற்றலாம், அல்லது இடமிருந்தால் புதிய சீலைச் சற்றே முன்னோ பின்னோ அமர்த்தி உதடு பள்ளத்தைத் தவிர்க்கும்படி செய்யலாம். யோக்கை லேத்தில் கடைந்து சமப்படுத்தினால், கடைசல் உளி விட்டுச்செல்லும் மெல்லிய திருகுக்கோடுகள் திருகாணியின் மரையைப் போல எண்ணெயை வெளியே இழுக்கும். ஆகவே கடைந்தபின் யோக்கைச் சுழலவிட்டு, எமரித் தாளைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேர்குறுக்காகப் பிடித்துத் தேய்க்கச் சொல்ல வேண்டும்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடற்கரை ஊர்களில் ஓடும் வண்டியானால் இன்னொன்றையும் பாருங்கள். சாலையில் கிடக்கும் வலையின் நைலான் நூல் யோக்கில் சுற்றி, சுழற்சியில் இறுகி, சீலின் உதட்டுக்கு அடியில் நுழைந்து அதை அறுத்துவிடும். வெளியே பார்த்தால் கிரீஸ் படிந்த வளையம் போலத்தான் தெரியும். கூரிய கத்தி நுனியால் கீறினால்தான் அது நூல் என்று தெரியவரும்.

யோக்குக்குப் பதிலாக நட்டு போட்டு இறுக்கிய ஃபிளாஞ்ச் என்ற வட்ட இணைப்புத் தகடு உள்ள பெட்டியில், எண்ணெய் சீலைத் தாண்டாமல் ஷாஃப்டின் நீளவாக்கில் உள்ள ஸ்பிளைன் பற்களுக்கு இடையே ஊர்ந்து நட்டின் அடியில் வெளிவரலாம். நட்டின் நடுப்பகுதி நனைந்து சீலின் வெளிவிளிம்பு காய்ந்திருந்தால் அதுதான். ஸ்பிளைனிலும் நட்டின் அடிமுகத்திலும் சிறிது சீலண்ட் தடவுவதே மருந்து.

மேலேயும் பக்கங்களிலும்

ஸ்பீடோமீட்டர் கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஓ-ரிங்கும் சிறு சீலும் உண்டு. பின்பக்கச் சீல் என்று தவறாகக் கருதப்படுவது பல வேளைகளில் இதுவே. சில வண்டிகளில் எண்ணெய் கேபிளுக்குள் ஏறி மீட்டர் வரை போகும். ரிவர்ஸ் லைட் சுவிட்ச் மரையில் மட்டுமன்றி அதன் நடுவிலும் கசியும். வயர் சாக்கெட்டைப் பிடுங்கி உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். மேல்மூடியைக் கழற்றினால் அதைத் தடித்த கண்ணாடியின் மீது வைத்து வளைவு பாருங்கள். பேக்கிங் தாளைப் பெட்டியின் மீதே வைத்துச் சுத்தியலால் விளிம்பில் தட்டி வெட்டும் வழக்கம் அலுமினிய விளிம்பை மழுங்கடித்து நிரந்தரக் கசிவை உண்டாக்கும். தாளில் கோடு வரைந்து கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். டிரெயின் பிளக்கின் செம்பு வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்; வாஷரில்லாத கூம்பு மரைப் பிளக்கை அளவுக்கு மீறி இறுக்கினால் பெட்டியே பிளக்கும்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ள ஜீப்புகள்

நான்கு சக்கர இயக்கம் கொண்ட பழைய ஜீப்பில் கியர்பாக்ஸின் எண்ணெய் குறைகிறது, வெளியே கசிவே இல்லை என்றால், முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பில்லர் பிளக்கைத் திறந்து பாருங்கள். பழைய மூன்று கியர் பெட்டியில் எண்ணெய் பின் பேரிங் வழியே அங்கே போய்ச் சேரும். அங்கே மட்டம் ஏறி, அதன் சீல்கள் கசியும். ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும் வண்டிகளில் அந்த எண்ணெய் நேராக டிரம்முக்குள் போகும். இரண்டு பெட்டிகளின் மட்டத்தையும் ஒரே நேரத்தில் சரிசெய்து, ஒரு மாதம் கழித்து இரண்டையும் அளந்து, எது குறைந்து எது கூடியது என்று பார்ப்பதே இதற்கான சோதனை.

எது அவசரம்

பவுடரைக் கறுக்கச் செய்து சொட்டாமல் நிற்கும் ஈரத்துக்குக் கியர்பாக்ஸை இறக்கத் தேவையில்லை. மாதம் ஒருமுறை மட்டம் பார்த்தால் போதும். பத்து நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்பது நாளுக்கு 144 சொட்டு. ஒரு மில்லிலிட்டருக்குத் தோராயமாக 20 சொட்டு என்று கொண்டால் நாளுக்கு ஏழு மில்லிலிட்டர், ஐந்து மாதத்துக்குள் ஒரு லிட்டர். இரண்டு லிட்டருக்கும் குறைவாகக் கொள்ளும் பெட்டியில் அது பாதிக்கு மேல். ஆனால் அளவு சிறிதாயினும் உடனே கவனிக்க வேண்டியவை மூன்று: கிளட்ச் பிளேட்டில் படும் எண்ணெய், ஹேண்ட் பிரேக் டிரம்மில் படும் எண்ணெய், சைலன்சர் குழாயில் சொட்டும் எண்ணெய். மலைச்சாலையில் ஓடும் வண்டிக்கு இவற்றில் எதையும் தள்ளிப்போட முடியாது.

பட்டறைக்குப் போகும்போது “அண்ணே, சீல் மாத்திருங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நிலையில் கசிந்தது, எந்தப் புள்ளியில் முதலில் கறுத்தது, பிரீதர் பார்த்தாயிற்றா, சாய்வு எவ்வளவு என்று சொல்லுங்கள். பவுடர் கறுத்த இடத்தை அலைபேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள். நல்ல மெக்கானிக் அதை மதிப்பார், வேலையும் பாதியாகக் குறையும்.

பொருத்தும்போது

பழைய சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றும் பெரும்பாலும் பொறித்திருக்கும். கழற்றும்போது அதைச் சிதைக்காமல் எழுதிவைத்தால் மாதிரி தெரியாத பெட்டிக்கும் சீல் கிடைக்கும். சைலன்சர் அருகே உள்ள சீலுக்கு நைட்ரைலைவிட வெப்பம் தாங்கும் விட்டான் ரப்பர் சிறந்தது. சுருள் கம்பி உள்ள உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் நோக்கி அமர வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிளைன் பற்களை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி மூடி, சீலின் வெளிவிட்டத்துக்குச் சமமான குழாய்த் துண்டை வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள். கியர் மாறுவதை எளிதாக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் உள்ள பெட்டிக்கு ஜி.எல்.4 எண்ணெய் என்று குறிப்பிட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். பின் அச்சில் உள்ள கிரவுன் பெட்டிக்கான (டிஃபரென்ஷியல்) ஜி.எல்.5 எண்ணெயில் கந்தகச் சேர்மம் கூடுதல், அது பித்தளையைத் தின்னும் என்ற அச்சம் இருக்கிறது. வடித்த பழைய எண்ணெயை டின்னில் அடைத்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள். இந்த மாவட்டத்தில் ஓடையில் ஊற்றியது ஏதாவது ஒரு குளத்தில்தான் போய்ச் சேரும்.

வேலை முடிந்ததும் மறுபடியும் பவுடர் தூவி, அதே மூன்று நிலைச் சோதனையை அதே வரிசையில் செய்யுங்கள். முதல் நாளில் சீலின் உதட்டில் தடவிய கிரீஸ் இளகி மெல்லிய வளையமாகத் தெரியலாம். அதைத் துடைத்துவிட்டு, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மட்டத்தையும் சீல் வாயையும் பாருங்கள். அப்போதும் பவுடர் வெள்ளையாக இருந்தால் அடி மூடித்தகட்டைத் திருப்பி மாட்டிவிடலாம்.